ஐஸ் உடைத்த பந்தய இஞ்சினும் மெட்டியக்காவும்

செங்கல்பட்டு ஜில்லாவில் இரும்பைக் காலால் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் மெட்டியக்காதான். மறுப்பவர்கள் தங்கள் வீட்டு இரும்பை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் சாலைக்கு வரலாம். தராசு இருக்கிறது. நாற்காலியும் இருக்கிறது, ஆனால் அதில் அக்கா உட்கார்ந்திருப்பார்.

காயலாங்கடைக்கு எது வந்து இறங்கினாலும் அக்கா எழுந்திருப்பதில்லை. வலது காலை நீட்டி, இரண்டாவது விரலில் இருக்கும் வெள்ளி மெட்டியால் ஒரு தட்டு. 'ணங்' என்றால் வார்ப்பிரும்பு. 'டொக்' என்றால் அலுமினியம். இரண்டுக்கும் நடுவில் இன்னும் பதினேழு சத்தங்கள் இருப்பதாகச் சொல்வார். எனக்கு ஐந்துதான் கேட்கும். தட்டி முடித்ததும் குனிந்து, தட்டிய இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இரும்பைக் காலால் தொட்டது தப்பாம். ஒரு நாளைக்கு இருநூறு முறை தட்டி, இருநூறு முறை மன்னிப்புக் கேட்கும் வியாபாரியை நீங்கள் வேறெங்கும் பார்க்க முடியாது.

ஒருமுறை ஒரு டிரைவர், பழைய பம்பர் ஒன்றை விற்க வேனை நிறுத்தினான். அக்கா பம்பரை விட்டுவிட்டு வேனின் கதவை ஒரு தட்டுத் தட்டினார். "இது இந்த வண்டிது இல்லயே நைனா. யார் வூட்டுது?" என்றார். டிரைவர் இறங்கவே இல்லை. வந்த வழியே ரிவர்ஸில் போய்விட்டான்.

அவருடைய நிஜப்பெயர் ரேஷன் கார்டைத் தவிர யாருக்கும் தெரியாது. அப்பா மாட்டுத் தரகர். அதனால் பேரம் பேசுவதும் மாட்டுச் சந்தை முறையில்தான். தோளில் எப்போதும் கிடக்கும் துண்டை விரித்து, அதன் அடியில் கையை நுழைக்கச் சொல்வார். விரல்களைப் பிடித்துத்தான் விலை. வாய் திறக்கவே கூடாது. ஜிபே வந்த பிறகும், துண்டுக்கடியில் விலை முடிந்தால்தான் க்யூஆர் கோடு அட்டை வெளியே வரும்.

நான் பொத்தேரியில் மெக்கானிக்கல் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தபோது, என் பழைய பைக்குக்கு சைலன்சர் தேடி அங்கே போனேன். என் ஐடி கார்டைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா காலேஜு, இஞ்சினு படிப்பா?"

"ஆமாக்கா."

"ஓடற இஞ்சின தொட்டுகீறியா?"

"சிமுலேஷன்ல பண்ணியிருக்கோம்க்கா."

"அது எந்தப் பக்கம், மதுராந்தகத்தாண்டயா?"

அன்று சைலன்சர் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும். இடையில் பல்கலைக்கழகம் பட்டத்தைக் கையில் கொடுத்துவிட்டது. நான் என்னவோ இன்னும் அந்தக் கடையில்தான் கிடக்கிறேன். பழைய பாகங்களைப் படம் எடுத்து, இணையத்தில் பழைய கார் பைத்தியங்களுக்கு விற்றுத் தருவது என் வேலை. அக்கா இதை வேலை என்று ஒப்புக்கொண்டதில்லை. "போட்டோ புடிக்கிறான்" என்றுதான் வருகிறவர்களிடம் சொல்வார்.

ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கிளாஸைக் கீழே வைக்காமலே சொன்னார்: "என் கடைக்கு வந்தது எதுவும் உசிரோட வெளிய போனதில்ல காலேஜு. வரும், ஒடையும், லாரி ஏறும், உலைல வுழும். ஒண்ணே ஒண்ணு ஓடிகினே வெளிய போச்சுன்னு வையி, அத்தப் பாத்துட்டேன்னா போதும்." சொல்லிவிட்டு, உடனே ஒரு சைக்கிள்காரனிடம் கால் கிலோ கம்பிக்காகக் கத்தப் போய்விட்டார். நான்தான் டீயை ஆறவிட்டேன்.

அடுத்த மாதமே ஐஸ் மாரி வந்தார்.

திருவிடந்தை குப்பத்தில் மீனுக்கு ஐஸ் உடைத்துக் கொடுப்பவர் மாரி. குட்டி யானை என்கிற சின்ன லாரியில், நீல நிறத்தில் ஒரு பூதத்தை ஏற்றி வந்திருந்தார். படகுக்கு அடிக்கும் வான நீல பெயின்ட். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை ஒரு கோட் வீதம் பதினோரு கோட். மேலே சந்தனம், குங்குமம், காய்ந்த வாழைநார். அது இஞ்சினா, அம்மன் சிலையா என்று சட்டென்று சொல்ல முடியாது.

"இன்னா மாரி, இது இன்னாத்துக்கு?"

"பைத்தியம் புடிச்ச இஞ்சினுக்கா. மெட்ராஸுல ஒரு பங்களாவ காலி பண்ணச்சொல்ல வாங்கியாந்தேன். பதினோரு வருசமா ஐஸு மிஷினுக்கு ஓட்டிகினுகீறேன். ஒரே பேஜாரு. மெதுவா ஓடுன்னா இருமுது, நின்னுடுது. சரின்னு ஓங்கி அமுக்குனா, உடைச்ச ஐஸு போய்ப் பக்கத்து வூட்டுக் கூரைல குந்திக்குது. அந்த வூட்டுக்காரி மே மாசத்துல மட்டும்தான் சண்டைக்கு வர்றதில்ல."

நான் முந்திக்கொண்டேன். படித்தவன் இல்லையா! "அம்பாசடர் இஞ்சின்க்கா. கார்புரேட்டர் போயிருக்கு. எடைக்குப் போடுங்க" என்றேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. காலை நீட்டினார். கீழே தட்டினார்: ணங். மேலே தட்டினார்: டொக். கொஞ்சம் தள்ளி இன்னொரு டொக்.

"அடில இரும்பு, தலைல அலுமினியம். தலை மேல ரெண்டு முதுகு. அம்பாசடருக்கு ஏது ரெண்டு முதுகு?" என்றவர், மாரியிடம் திரும்பினார். "மெதுவா ஓட மாட்டேங்குதுன்னியே, வேகமா ஓடச்சொல்ல எப்டி?"

"வேகமா ஓடச்சொல்லயா?" மாரி யோசித்தார். "அப்ப மட்டும் சும்மா பாட்டு பாடற மாதிரி கீதுக்கா. ஆனா ஐஸுக்கு எதுக்கு அவ்ளோ வேகம்?"

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தார். இந்த இரண்டு வருஷத்தில் சரக்கைப் பார்த்து அவர் எழுந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"இது பைத்தியம் இல்ல மாரி. ஓடப் பொறந்தது. இத்தப் போய் நடக்க வச்சுகீற."

என் பாடப்புத்தகத்தில் இருபது பக்கத்துக்கு இருந்த விஷயம் அந்த ஒரு வரியில் முடிந்துவிட்டது. இரண்டு முதுகு என்றால் உள்ளே இரண்டு கேம் தண்டு, அந்தக் காலத்தில் பந்தயத்துக்கென்றே செய்தது. பந்தய இஞ்சினுக்கு மூச்சுவிடும் வாய் பெரிது. பறக்கும்போதுதான் அதற்கு நெஞ்சு நிறையும். மெதுவாகப் போகச் சொன்னால் மூச்சு முட்டும், இருமும், நின்றுவிடும். எல்லோரும் எதைக் கோளாறு என்றார்களோ அதுதான் அதன் அடையாளம். மாரி பதினோரு வருஷமாகச் சொன்ன புகார் ஒவ்வொன்றும் பிறப்புச் சான்றிதழ்.

அக்கா அதை எடைக்கு வாங்கிக்கொண்டார். அன்று மாலையே நான் பெயின்ட்டைச் சுரண்ட ஆரம்பித்தேன். நான்கு நாள். என் மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அக்கா ஒரு சாக்கிலிருந்து இஞ்ச் கணக்கு ஸ்பேனர்களைக் கொட்டினார், அத்தனையும் கச்சிதமாக உட்கார்ந்தன. சீமைச் சரக்கு என்பது உறுதி. ஐந்தாவது நாள், பதினோரு கோட் நீலத்துக்கு அடியில், துருப்பிடிக்காமல் பளிச்சென்று இஞ்சின் எண் தெரிந்தது. படம் எடுத்து இணையத்தில் போட்டேன். 'போலி' என்றார் ஒருவர். 'திருட்டு' என்றார் இன்னொருவர். மூன்றாவது ஆள் எதுவும் எழுதவில்லை, நேராக ஃபோனில் கூப்பிட்டார்.

சேலத்தில் பல் டாக்டர். அறுபதுகளில் பந்தயத்துக்காக இங்கே வந்து இறங்கிய கார் ஒன்று அவரிடம் இருக்கிறது, இஞ்சின் மட்டும் இல்லை. இப்போதைக்கு உள்ளே ஒரு டீசல் இஞ்சினைப் போட்டு வைத்திருக்கிறாராம். "சிங்கத்துக்குப் பல்செட் கட்டின மாதிரி இருக்கு சார்" என்றார். எங்கள் எண்ணும் அவருடைய காரின் ஆர்.சி. புத்தகத்தில் இருந்த எண்ணும் ஒன்று. கம்பெனி பெயரை மட்டும் நான் எழுத மாட்டேன். மற்ற சேகரிப்பாளர்கள் சுவர் ஏறிக் குதிப்பார்கள் என்று டாக்டர் என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார்.

ஆனால் அவர் ஒரு நிபந்தனை போட்டார். "ஓடினா மட்டும்தான் வாங்க முடியும். உள்ள ஏதாவது உடைஞ்சிருந்தா, உதிரி பாகம் உலகத்துலயே கிடைக்காது."

இதற்குள் செய்தி கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போய்விட்டது. மாமல்லபுரம் பக்கத்து ரிசார்ட் ஒன்றிலிருந்து வெள்ளைச் சட்டை மேனேஜர் ஒருவர் வந்தார். இஞ்சினைச் சுற்றி வந்தார், படம் எடுத்தார்.

"சூப்பர் பீஸ் மேடம். ரிசப்ஷன்ல வைக்கப் போறோம். மேல கண்ணாடி போட்டு டீப்பாய்."

"ஓடற இஞ்சினு சாமி இது."

"ஓட வேணாம் மேடம். ஓடாம இருந்தா இன்னும் நல்லது. ஆயில் சிந்தாதுல்ல?"

அக்கா துண்டை விரித்தார். மேனேஜர் கையை நுழைத்தார், விரல் பிடிபட்டதும் பாம்பு கடித்தது போல வெளியே இழுத்துக்கொண்டார். அப்புறம் தொகையைத் தாளில் எழுதி நீட்டினார். அன்று கடைக்கு வந்திருந்த மாரி அதைப் பார்த்தார், வாய் திறந்தது, மூடவில்லை. ஏனென்றால் அக்காவிடம் ஒரு சட்டம் உண்டு. எடைக்கு வாங்கியது எடைக்குப் போனால் லாபம் அவருக்கு. இன்ன பாகம் என்று பெயர் சொல்லி விற்றால் கொடுத்தவனுக்குப் பாதி. இப்படி ஒரு சட்டம் வேறு எந்தக் காயலாங்கடையிலும் கிடையாது. அதைப் போய் மாரியிடம் அவரே சொல்லியும் வைத்திருந்தார்.

"அக்கா, மேசையா இருந்தா இன்னா, நாற்காலியா இருந்தா இன்னா? குடுத்துடுக்கா. ஐஸு மிஷினுக்கு இஞ்சினு இல்லாம என் பொழப்பு நின்னுகினுகீது."

அக்கா துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கெழம டாக்டர் வர்றாரு. அன்னிக்கு ஓடுச்சுன்னா அவருக்கு. ஓடலன்னா..." என்று நிறுத்தி, "உலையா இருந்தா கூட உருகி வேற ஏதாச்சும் ஆவும். இது கண்ணாடி போட்ட பாடை" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணி வெயில். நான்கு பனந்துண்டுகள் மேல் இஞ்சினைப் போல்ட் போட்டு நிறுத்தியிருந்தேன். எண் தெரிகிற இடத்தை மட்டுமா சுரண்டினேன்? மொத்தத்தையும் சுரண்டி, பாலிஷ் போட்டு, முகம் பார்க்கிற மாதிரி வைத்திருந்தேன். டாக்டர் அதன் முன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மேனேஜர் தன் லாரியோடு வந்திருந்தார். மாரி மேனேஜருக்குப் பக்கத்தில் நின்றார்.

அக்கா ஊதுவத்தி ஏற்றி, மும்முறை சுற்றினார். நான் ஸ்டார்ட்டரை அழுத்தினேன்.

இருமியது. நின்றது.

மறுபடி. இருமியது. இருமலோடு ஒரு தும்மல். நின்றது.

பத்து முறை. கார்புரேட்டர் திருகை கால் சுற்று இடம், கால் சுற்று வலம். லேப்டாப்பில் திறந்து வைத்திருந்த கையேட்டின் நாற்பத்திரண்டாம் பக்கத்தை வெயிலில் கண்ணைச் சுருக்கிப் படித்தேன். இருபதாவது முறையில் பேட்டரி முனகியது. மேனேஜர் பையிலிருந்து டேப்பை எடுத்து, கண்ணாடிக்கு அளவு எடுக்க ஆரம்பித்தார். நீளம். அகலம்.

டாக்டர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெயில் என்று சொல்லிக்கொண்டேன்.

"காலேஜு, இன்னொரு தபா அமுக்கு" என்றார் அக்கா.

"பேட்டரி செத்துடுச்சுக்கா."

அக்கா மேனேஜரின் லாரியைப் பார்த்தார். "சாமி, உன் லாரில நல்ல பேட்டரி கீதுல்ல?" மேனேஜர் பதில் சொல்வதற்குள் டிரைவர் வயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். தன்னுடைய டீப்பாயைத் தானே உயிர்ப்பிக்கப் போகிறோம் என்று பாவம் அந்த மனிதருக்கு அப்போது தெரியாது.

அழுத்தினேன். இஞ்சின் சுற்றியது. அக்கா மட்டும் அதைப் பார்க்கவில்லை. ஊதுவத்திப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேராக மேலே போய்க்கொண்டிருந்த புகை, ஓரிடத்தில் மட்டும் வளைந்து, கார்புரேட்டர் வந்து சேரும் இடுக்குக்குள் நூல் கோத்த மாதிரி நுழைந்தது.

"நிறுத்து!" என்று கத்தினார். "திருட்டு மூச்சு வாங்குது பாரு! இந்த இடுக்கு வழியா காத்து போவுது. மாரி, உன்னாண்ட இருக்கச்சொல்ல இங்க இன்னா இருந்துச்சு?"

"இன்னா இருந்துச்சு? பெயின்ட்டுதான் இருந்துச்சு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பதினோரு வருஷமாக அந்த இஞ்சினின் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது பதினோரு ஆயுத பூஜை. இடுக்கில் காற்றுப் புகாமல் அடைக்க உள்ளே இருந்த கேஸ்கெட் என்றைக்கோ மக்கிப்போயிருந்தது. பக்தியால் அடித்த பெயின்ட் அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதை நான், இன்ஜினியர், நான்கு நாள் உட்கார்ந்து, பல் விளக்கும் பிரஷ்ஷால் அங்குலம் அங்குலமாகச் சுரண்டி எடுத்திருக்கிறேன். முகம் பார்க்கிற மாதிரி!

"படிச்சவன் தொட்டா பளபளன்னுதான் இருக்கும்" என்றார் அக்கா. அவ்வளவுதான் திட்டினார். இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம்.

டாக்டர் வாட்சைப் பார்த்தார். கேஸ்கெட் வெட்ட மெட்ராஸ் போக வேண்டும். மேனேஜர், "மேடம், நாங்க கிளம்பணும், கிரேன் சொல்லியிருக்கேன்" என்றார்.

அப்போதுதான் மாரி ஒரு காரியம் செய்தார். அதுவரை டீப்பாய்க் கட்சியில் இருந்தவர், குட்டி யானைக்குள் தலையை விட்டு ஒரு டப்பாவை எடுத்து வந்தார். ஃபைபர் படகில் ஓட்டை விழுந்தால் அடைக்கும் பேஸ்ட். இரண்டு விரலால் வழித்து, இடுக்கு முழுவதும் அப்ப ஆரம்பித்தார்.

"இன்னா மாரி, மேசையா இருந்தா இன்னான்ன?" என்றார் அக்கா.

"சும்மா இருக்கா. பதினோரு வருசம் என்னாண்ட கத்திகினு இருந்தது. இந்த ஆளு வந்து டேப்பு வச்சி அளக்கறான். பாத்துகினு நிக்கச் சொல்றியா?"

பேஸ்ட் இறுக அரைமணி நேரம். எல்லோரும் காத்திருந்தோம். மேனேஜர்கூட. லாரியில் பேட்டரியோ இல்லை, அவர் எங்கே போவார்?

அக்கா என் லேப்டாப்பை மூடினார். "இது மெதுவா ஓடணும்னு எழுதினவன் அந்த புக்க வூட்டுல வச்சுக்கட்டும்" என்று, கார்புரேட்டரில் வேகம் கூட்டும் நெம்புகோலைத் தன் கையாலேயே பாதிக்கு மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டார். "அமுக்கு."

அழுத்தினேன்.

அந்தச் சத்தத்தை நான் எழுத முயன்று மூன்று தாள் கிழித்துவிட்டேன். இவ்வளவு சொல்கிறேன்: பக்கத்து ஏரியில் இருந்த கொக்கெல்லாம் எழுந்தன. சாலையில் போன பஸ் நின்றது, கண்டக்டர் இறங்கி வந்தார். கடையில் தொங்கிய ஹப் கேப்கள் எல்லாம் சேர்ந்து ஜல்ஜல் என்றன. டாக்டர் மறுபடியும் செருப்பைக் கழற்றினார். மாரி, "நான் சொன்னேன்ல? பாட்டு! பாட்டு!" என்று ரோட்டில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அக்கா மட்டும் அசையவில்லை. நெம்புகோலைப் பிடித்த கை இஞ்சினோடு சேர்ந்து அதிர்ந்துகொண்டிருந்தது. முகம் திருவிழாவில் தேர் நகர்ந்ததைப் பார்த்தவர் முகம்.

மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டே தாளில் தொகையைத் திருத்தி நீட்டினார். இன்னொரு முறை திருத்தினார். அக்கா துண்டை டாக்டர் பக்கம் விரித்தார். பல் டாக்டர் கை, பழகிய கை. ஒரு நிமிஷத்தில் முடிந்தது. என்ன விலை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மேனேஜர் தாளில் எழுதியதைவிடக் குறைவு என்பது மட்டும் மாரியின் பெருமூச்சிலிருந்து தெரிந்தது. மாரி தன் பாதியில் கரன்ட்டில் ஓடும் புது மிஷின் வாங்கிவிட்டார். 'சொன்ன பேச்சு கேக்குது, ஒரே போரு' என்று போன வாரம் குறைபட்டுக்கொண்டார்.

சாயங்காலம் டாக்டரின் வண்டி வந்தது. மெத்தை விரித்து, அதன் மேல் இஞ்சினை ஏற்றினார்கள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, அன்றைய பழைய பேப்பர் எடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டி கிளம்பி, சாலையில் ஏறி, செங்கல்பட்டுப் பக்கம் திரும்பியது.

திடீரென்று எழுந்தார். "ஐயையோ, சொல்ல மறந்துட்டேன்!" என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தார். ஐம்பது வயது, அந்த உடம்பு, நடுரோடு. "டாக்டரே! காலைல மொத தபா கொஞ்சம் கோச்சிக்கும்! திட்டாதீங்க! ரெண்டாவது தபா தானா வந்துடும்! திட்டாதீங்க டாக்டரே!"

டாக்டரின் நம்பர் என் கையில்தான் இருந்தது. நின்ற இடத்திலிருந்தே ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். நான் பண்ணவில்லை. செருப்பை உதறிவிட்டு, அக்காவோடு சேர்ந்து ஓடினேன்.